முன்னாடியே ஆடுன பல்லு

ஒன்றாம் வகுப்புக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுப்பவளுக்குப் புத்தகம் இரண்டாம்பட்சம், வாய்தான் முதல். 'த' சொல்ல வேண்டுமென்றால் நாக்கின் நுனி மேல்வரிசை முன்பல்லின் அடியில் ஒட்டி விலக வேண்டும். 'ந'வும் அங்கேதான் பிறக்கிறது. 'வ' வேண்டுமென்றால் கீழுதடு எழும்பி அதே மேல்பல்லைத் தொட வேண்டும். இதையெல்லாம் ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நான் ஒரே ஒரு வழி வைத்திருந்தேன். பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, "என் வாயைப் பாரு" என்பேன். அது பார்க்கும். நான் சொல்வேன். அதுவும் அப்படியே சொல்லும். திண்டுக்கல்லில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் பதினேழு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு முன்பல் இருக்காது. ஜூன் மாதம் விழ ஆரம்பித்தால் டிசம்பருக்குள் ஒவ்வொன்றாக முளைத்துவிடும். அதுவரை 'தாத்தா' என்று சொல்லச் சொன்னால் ஓட்டை வழியாக நாக்கு எட்டிப் பார்க்கும், காற்று புஸ்ஸென்று வரும். நான் அதட்டமாட்டேன். "பல்லு வரட்டும், சொல்லும் வரும்" என்று விட்டுவிடுவேன். பல் போனால் சொல் போச்சு என்று சொல்வார்களே, அது வயதானவர்களுக்கான பழமொழி என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் டீச்சர் சிறுமலையில் புது வீடு கட்டியிருந்தார். சாமியார் வந்து ஜெபித்த வீடு மந்திரிப்புக்குப் போய்விட்டு மதியப் பஸ்ஸுக்கு நின்றேன். என் கணவருக்கு அன்றைக்கு மில்லில் ஷிப்ட், அதனால் தனியாகத்தான் போயிருந்தேன். மலைக்குப் பஸ் குறைவு. இதை விட்டால் சாயங்காலம்தான். கூட்டம் மொத்தமும் ஒரே வாசலில் ஏறியது. எனக்கு முன்னால் ஏறியவர் தோளில் மலைவாழைத் தார் ஒன்றை வைத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தாரின் வெட்டிய காம்பு பின்பக்கம் ஒரு முழத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"யோவ், தாரைப் பின் வாசல் வழியா ஏத்துய்யா" என்று கண்டக்டர் கத்தினார். தார்க்காரர் மரியாதையாகத் திரும்பினார். அவ்வளவுதான். என் வாய்க்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வலி அதற்கப்புறம்தான் வந்தது. கையை வைத்துப் பார்த்தால் உள்ளங்கையில் ரத்தமும் ஒரு முழுப் பல்லும். பக்கத்துப் பல் பாதி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பஸ்ஸே அவர் மேல் பாய்ந்தது. "கண்ணைப் பொடனியிலயா வச்சிருக்க?" என்றார் ஒருவர். "போலீஸ்ல சொல்லுங்கம்மா, இவனுகளுக்கெல்லாம் அப்பத்தான் புத்தி வரும்" என்றார் இன்னொருவர். அந்த மனிதர் தாரைக் கீழே போட்டுவிட்டுத் தன் துண்டை என் வாயில் வைத்து அழுத்தினார். "என் கையாலயா தாயி இப்படி ஆகணும்? நான் என்ன பண்ணுவேன் தாயி?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். குனிந்து என் காலைத் தொடப் போனார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலை மிதித்தவன் பதறுவதற்குள் மிதிபட்டவன் "பரவால்ல பரவால்ல" என்று முந்திக்கொள்வான். குழம்பைக் கொட்டிய விருந்தாளியிடம், "அது பழைய சேலைதான்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போய்ப் பட்டுச்சேலைக்காக அழுவோம். அன்றைக்கும் அது தானாக வந்தது. ரத்தத்தோடு துண்டை விலக்கி, "ஒண்ணுமில்லண்ணே, அது முன்னாடியே ஆடுன பல்லுதான். இன்னைக்கோ நாளைக்கோ விழுறதுதான்" என்றேன்.

பொய். அந்தப் பொங்கலுக்குக் கரும்பை அந்தப் பல்லால்தான் உரித்திருந்தேன்.

ஆனால் பஸ் அடங்கிவிட்டது. திட்டியவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் என்னையே பார்த்தார். "நெசமாவா தாயி?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் முகத்தில் உயிர் வந்ததைப் பார்த்தேன். வளைவு வளைவாகப் பஸ் இறங்க இறங்க, என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டேன். பல் போன இடத்தில் துண்டை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு பெருமை வேறு.

திண்டுக்கல் வந்ததும் அவரே ஆட்டோ பிடித்து, ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் சின்னப் பெண், நிதானமானவள். "எப்படி ஆச்சு மேடம்?" என்று கேட்டாள். அவர் கதவுக்குப் பக்கத்தில் தாரோடு நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழும் என்பதால், "தார் லேசாப் பட்டுச்சு டாக்டர். முன்னாடியே ஆடுன பல்லு" என்றேன்.

"எவ்வளவு நாளா ஆடுது?"

ஒரு பொய்க்குத் துணைக்கு இன்னொன்று வேண்டுமல்லவா? "அது ஆச்சு, ரெண்டு வருசமா" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். எழுதும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. தொங்கிக்கொண்டிருந்த பல்லையும் எடுத்தாள். வீட்டுக்குப் போகும்போது மேல்வரிசையில் முன்னால் இரண்டு பல் இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டிருப்பேன்!

மறுநாள் என் கணவர்தான் பீரோவிலிருந்து பாலிசியை எடுத்தார். அதைப் போட்டுக் கொடுத்தவர் எங்கள் பங்குக் கோயிலில் பாடல் குழுவில் பாடுபவர், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். "டீச்சர், இதுல பல்லுக்கும் சேர்த்தி. யாரும் தர்றதில்ல" என்று அவர் சொன்னபோது, "பல்லுக்கெல்லாமா இன்சூரன்ஸ்? தலைமுடிக்கும் சேர்த்துப் போடுங்க" என்று நான் சிரித்திருந்தேன். அப்போது எனக்குச் சிரிக்கப் பல் இருந்தது.

பாலிசியோடு வைத்திருந்த நோட்டீஸில் 'பல் சிகிச்சையும் உண்டு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் தலையில் கடுகளவு ஒரு நட்சத்திரக்குறி. அந்த நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டு போனால் பாலிசியின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு பத்தி. எல்லாம் இங்கிலீஷ். நான் தமிழ் டீச்சர்தான், ஆனால் பி.எட். வரைக்கும் படித்தவள். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். பரீட்சைத் தாளைக்கூட அப்படித் திருத்தியதில்லை.

அந்த வார்த்தைகளை இன்றைக்கும் மறக்கவில்லை. 'எக்ஸ்க்ளூஷன்' என்று ஒன்று. அதற்கு விலக்கு என்று அர்த்தம். முதல் பக்கத்தில் இந்தக் கை கொடுத்ததைப் பத்தாம் பக்கத்தில் அந்தக் கை பிடுங்கிக்கொள்வதற்கு அப்படிப் பெயர். 'வெயிட்டிங் பீரியட்' காத்திருப்புக் காலம். பாலிசி போட்ட அன்றைக்கே பல் வலித்தால் ஆகாதாம். சொத்தையை அடைக்கவும் பல்லைப் பிடுங்கவும் சில மாதம் பொறுக்க வேண்டும், வேர் சிகிச்சைக்கு ஒரு வருடம், பல் கட்டுவதற்கு இரண்டு வருடம். அதுவரை பல்லிடம்தான் சொல்லி வைக்க வேண்டும், கொஞ்சம் பொறு அப்பு என்று. 'சப்-லிமிட்' என்றால் மொத்தத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பல்லுக்கு என்று உள்ளே தனியாக ஒரு சின்னக் கோடு. 'கோ-பே' என்றால் அந்தக் கோட்டுக்குள்ளும் நம் பங்கு ஒன்று உண்டு. 'கேஷ்லெஸ்' என்று சொல்வதெல்லாம் அவர்கள் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு மட்டும். நாம் பட்டியல் பார்த்தா வாயை உடைத்துக்கொள்கிறோம்? மற்ற இடத்தில் நாம் கட்டிவிட்டு, ரசீதைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்க வேண்டும்.

என்னை அழ வைத்தது இன்னொரு வரி. அழகுக்காகச் செய்யும் சிகிச்சை சேராது என்று இருந்தது. அழகு எது, அவசியம் எது என்று ஏஜெண்டிடம் கேட்டேன். அவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"பொதுவா டீச்சர், கடைவாய்ப் பல்லுன்னா மெல்லுறதுக்குன்னு எடுத்துக்குவாங்க. முன்பல்லுன்னா அழகுன்னு சொல்லிருவாங்க. அவுங்க கணக்கு அது."

"என் பொழப்பே முன்பல்லுலதாங்க இருக்கு" என்றேன். அதைச் சொல்லும்போதே 'முன்பல்லுல' என்ற சொல் காற்றாகப் போனது. அவர் கேட்காததுபோல் காப்பியைக் குடித்தார்.

ஆனால் அவரேதான் ஒரு கதவையும் காட்டினார். விபத்து என்றால் இது எதுவும் கிடையாது. காத்திருப்புக் காலம் கிடையாது, அழகுப் பேச்சு கிடையாது. முன்பல்லாக இருந்தாலும் எலும்பில் திருகி வைக்கும் நிலையான பல்லுக்குக்கூடத் தருவார்கள். விபத்து என்றால் என்ன என்றும் அந்தத் தாளில் இருந்தது. திடீரென்று நடக்க வேண்டும், எதிர்பாராமல் நடக்க வேண்டும், நம் விருப்பமில்லாமல் நடக்க வேண்டும், காரணம் வெளியிலிருந்து வர வேண்டும், கண்ணுக்குத் தெரிய வேண்டும், வன்மையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தேன். வாழைத்தார் அத்தனைக்கும் பொருந்தியது. இலக்கண விதிக்கு இத்தனை சுத்தமான உதாரணத்தை நான் வகுப்பில்கூடக் கொடுத்ததில்லை.

அந்த நிலையான பல்தான் எனக்கு வேண்டியிருந்தது. டாக்டர் அப்போதைக்குக் கழற்றி மாட்டும் பல்தட்டு ஒன்றைக் கொடுத்திருந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேலண்ணத்தில் அது ஒட்டியிருக்கும் இடத்தில்தான் என் 'த'வும் 'ந'வும் குடியிருந்தன. நாக்கு போய்த் தட்டும்போது தட்டு நழுவும். நழுவாமல் பிடிக்க நாக்கை முன்னால் நீட்டுவேன். "பழகிரும் மேடம்" என்றாள். சிலருக்குப் பழகும் போலிருக்கிறது. பக்கத்துப் பற்களிலும் விரிசல் இருந்ததால், அவற்றைப் பிடித்துப் பாலம் கட்டவும் வழியில்லை என்றாள். எலும்பில் திருகும் பல்லை எங்கள் சொந்தச் செலவில் வைக்க முடியாது. மகள் நர்ஸிங் படிக்கிறாள், வந்ததெல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தது.

பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கும் சிஸ்டர் என்னை ஒருநாள் கூப்பிட்டார். நல்லவர். மெதுவாகத்தான் பேசினார். "ஒண்ணாங்கிளாஸ்ல அடித்தளம் டீச்சர். பல்லை சீக்கிரம் சரி பண்ணிக்கங்க. அதுவரைக்கும் இருங்க. ஆனா பெத்தவங்க யாராவது உச்சரிப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. லைப்ரரியில ஒரு இடம் இருக்கு, பாத்துக்குவோம்." லைப்ரரி என்பது ஒரு பீரோவும் இரண்டு பெஞ்சும். ஆளே வேண்டாத இடம். அங்கே போகிறவர்களுக்கு அடுத்த வருடம் வேலை ஆர்டர் வராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கிளெய்ம் போட்டோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'ப்ரீ-எக்ஸிஸ்டிங்', அதாவது முன்பே இருந்த நிலை. ஆஸ்பத்திரிக் குறிப்பின்படி நோயாளியின் பற்கள் இரண்டு ஆண்டுகளாக ஆடிக்கொண்டிருந்தன, எனவே இது விபத்தின் விளைவாகக் கருதப்படாது. என் வாக்கியம்தான். இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

டாக்டரிடம் ஓடினோம். "நீங்க சொன்னதைத்தான் மேடம் எழுதினேன்" என்றாள். அவள் மேல் தப்பில்லை. "இப்ப மாத்தி எழுதினா அது பொய்க் கணக்கு ஆயிரும். வேணும்னா ஒண்ணு செய்றேன். எக்ஸ்ரேல எலும்பு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு வருசமா ஆடுன பல்லு மாதிரி தெரியல, அடிபட்டதாத்தான் தெரியுதுன்னு லெட்டர் தர்றேன்." அந்தக் கடிதத்தை வைத்து மறுபடி எழுதினோம். இந்த முறை மறுக்கவில்லை. விசாரிக்கிறோம் என்றார்கள். சம்பவத்தைப் பார்த்த சாட்சி யாராவது இருந்தால் போன் நம்பரோடு தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

சாட்சி இல்லாமலா? தார் கொண்டுவந்த அந்த மனிதர் அன்றைக்கே என் நம்பரை வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவார். "டீச்சர், பல்லு எப்படி இருக்கு? சாப்புட முடியுதா?" என்பார். மலைவாழைப்பழம் கடிக்க வேண்டியதில்லை, வாயில் போட்டாலே கரையும் என்று மாதம் ஒருமுறை பஸ்ஸில் கொடுத்துவிடுவார். தட்டை மாட்டிய பிறகு நான் வலியில்லாமல் சாப்பிட்டது அது ஒன்றைத்தான்.

நம்பரை எழுதி அனுப்பினோம். "முன்னாடியே போன் பண்ணி அவருகிட்ட விசயத்தைச் சொல்லிரு" என்றார் என் கணவர். "நல்ல பல்லுதான், தார் பட்டுத்தான் விழுந்துச்சுன்னு சொல்லச் சொல்லு. பொய்யா சொல்லச் சொல்றோம்? உண்மையத்தானே சொல்லச் சொல்றோம்."

போன் போட்டேன். எடுத்ததும், "டீச்சர், நூறு ஆயுசு. இப்பத்தான் எம் பொண்டாட்டிகிட்ட உங்களைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார். "அன்னைக்கு நீங்க அந்த ஒரு வார்த்தை சொல்லலைன்னா நான் உசிரோட இருந்திருக்க மாட்டேன் தாயி. ஒரு பொம்பளைப் புள்ளை மூஞ்சியை ஒடச்சுட்டமேன்னு தூக்கம் வராம கெடந்திருப்பேன். முன்னாடியே ஆடுன பல்லுன்னு சொன்னீகளா, அப்பத்தான் நெஞ்சுல இருந்த கல்லு எறங்குச்சு. எம் பொண்டாட்டி உங்களுக்காக மெழுகுவத்தி ஏத்துறா."

நான் என்ன சொல்வது? "அண்ணே, அது பொய். நீங்கதான் ஒடச்சீங்க. அந்தக் கல்லைத் திரும்ப எடுத்து நெஞ்சுல வச்சுக்கங்க" என்றா? வாயைத் திறந்தேன். "பழம் நல்லா இருந்துச்சுண்ணே" என்று வந்தது. போனை வைத்துவிட்டேன்.

"சொல்லிட்டியா?" என்றார் என் கணவர். "சொல்லிட்டேன்" என்றேன். இதோடு மூன்று பொய். எல்லாம் ஒரே பல்லுக்கு.

மனசுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அவர் பார்த்ததைத்தானே சொல்வார்? தார் பட்டது, ரத்தம் வந்தது, பல் விழுந்தது. அதற்கு மேல் யார் கேட்கப் போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடிக்கப் பல் இல்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டபோது குரலில் ஒரே உற்சாகம். "டீச்சர், உங்க இன்சூரன்ஸ் ஆபீசர் ஒருத்தர் மலைக்கே வந்துட்டாரு. தோட்டத்துக்கே வந்து கேட்டாரு."

"என்ன கேட்டாருண்ணே?"

"என்ன நடந்துச்சுன்னு கேட்டாரு. தார் பட்டதைச் சொன்னேன், எந் தப்புதான்னேன், மறைக்கல. பல்லு முன்னாடி எப்படி இருந்துச்சு, தெரியுமான்னாரு. எனக்கெப்படித் தெரியும், டீச்சரே சொன்னாக, அது முன்னாடியே ஆடுன பல்லு, இன்னைக்கோ நாளைக்கோ விழுறதுன்னு. அவுக பொய் சொல்ற ஆளு இல்லீங்கன்னேன். ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை கொறைக்கல தாயி. நீங்க சொன்னதை அப்படியே சொல்லிட்டேன். கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன். இனி உங்களுக்குக் கெடைச்சிருமில்ல?"

"கெடைச்சிரும்ணே" என்றேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், யார் மேலாவது பாரத்தை இறக்கி வைத்திருக்கலாம். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் விஷயத்தைப் புரிந்துகொண்டார். பாலிசியை எடுத்த இடத்திலேயே வைத்துப் பீரோவைப் பூட்டினார். இறுதி முடிவு என்று தலைப்புப் போட்டு அவர்கள் அனுப்பிய கடிதத்தை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பாடல் குழு ஏஜெண்ட் பூசை முடிந்ததும் வேறு வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார்.

வகுப்பில் நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பாடம் நடத்தப் பழகினேன். இருமல் என்று சொல்லிக்கொண்டேன். 'த' வரிசை வந்தால் கரும்பலகையில் எழுதிவிட்டு, நன்றாகச் சொல்லும் பிள்ளை ஒன்றை எழுப்பிச் சொல்லச் சொல்வேன். ஆனால் பதினேழு வருடப் பழக்கம் போகுமா? ஒரு பிள்ளை தடுமாறினால் என்னையறியாமல் தலைப்பை விலக்கிக் குனிந்துவிடுவேன். "என் வாயைப் பாரு" என்று வந்துவிடும். ஒருமுறை தட்டு நழுவி இறங்கியபோது முன்பல் இல்லாத ஒரு குட்டிப் பெண் அப்படிப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்களுக்கும் பல்லு விழுந்திருச்சா?" என்று கேட்டாள். "கூரை மேல போட்டீங்களா? போட்டா மொளைக்கும் டீச்சர். எனக்கு எங்கப்பா போட்டாரு." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவளை எனக்குப் பிடித்துப்போனது. ஒருநாளைக்கு நாலு தடவையாவது அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

அவளுக்குப் பல் முளைத்தது. புத்தம்புதிதாக, ரம்பம் மாதிரி விளிம்போடு இரண்டு பல்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அவளுடைய அம்மா வந்தார். என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். சிஸ்டர் மேசைக்குப் பின்னால் இருந்தார். பிள்ளை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், இவளுக்குப் பல்லு மொளைச்சு ரெண்டு மாசமாச்சு" என்றார் அம்மா. "இன்னும் நாக்கை வெளிய நீட்டித்தான் பேசுறா. தாத்தான்னு ஒரு தடவை ஒழுங்கா வர மாட்டேங்குது. வீட்டுல எம்புட்டுச் சொல்லியும் கேக்கல. இப்படித்தான் சொல்லணும்கிறா. இங்க என்ன சொல்லிக் குடுக்குறாகன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சொல்லு பாப்பா" என்றார் சிஸ்டர்.

பிள்ளை சொன்னாள். நாக்கை அந்தப் புதுப்பற்களுக்கு நடுவே அளவாக நீட்டி, கீழே விழப்போகும் எதையோ தாங்கிப் பிடிப்பதுபோல் ஒரு கணம் நிறுத்தி, காற்றை விட்டாள். அது பல் இல்லாத பிள்ளையின் சத்தம் இல்லை. நழுவுகிற பல்தட்டை நாக்கால் தடுத்துப் பிடிக்கும் ஒருத்தியின் சத்தம். உலகத்தில் ஒரே ஒரு வாயில்தான் அந்த 'தாத்தா' இருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்சமும் பிசகாமல் படித்திருந்தாள்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பீரோவும் இரண்டு பெஞ்சும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"அது முன்னாடியே இருந்ததும்மா" என்றேன்.

சேலைத் தலைப்புக்குள்ளிருந்து அது நிதானமாக வந்தது. அந்த இன்சூரன்ஸ் கடிதம் பேசிய மாதிரியே பேசினேன்.

"எப்ப இருந்து டீச்சர்?" என்றார் சிஸ்டர், நோட்டை எடுத்துக்கொண்டே.

"சேரும்போதே இருந்துச்சு சிஸ்டர். நான்தான் சரியாயிரும்னு விட்டுட்டேன். நாக்கு டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டச் சொல்லலாம்."

சிஸ்டர் எழுதிக்கொண்டார். அம்மாவின் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. "அப்படியா டீச்சர்? நான்தான் கவனிக்காம இருந்துட்டேன் போல. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. டீச்சரே சொல்லும்போது சரியாத்தான் இருக்கும்." பிள்ளையின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "பாத்தியாடி, உனக்குத்தான் நாக்கு சரியில்லையாம்."

பிள்ளை தலையை நிமிர்த்தினாள். நான் எதற்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன் என்பதால், தலைப்புக்குப் பின்னால் இருந்த என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.